இருமல் நின்ற பிறகு

தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயிலில் முதல் ஸ்டேஷன் சானடோரியம். தினமும் அதைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகிறேன். 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோய்க்காக ஆரம்பித்த மருத்துவமனையால் வந்த பெயர் அது. என் மாமாவுக்கு டி.பி. வந்த பிறகுதான் இது மண்டையில் ஏறியது.

மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆறு மாதம், தினமும் மூன்று மாத்திரை, வெறும் வயிற்றில். மருந்து இலவசம். சத்தான சாப்பாட்டுக்கு அரசு மாதம் 1000 ரூபாய் வேறு (2024 நவம்பருக்கு முன் 500தான்). பி.காம் படிக்கிற என் கணக்குப்படி செலவு பூஜ்யம், வரவு உயிர். யாராவது விடுவார்களா?

மாமா விட்டார். இரண்டே மாதத்தில்.

"இருமலே இல்ல, நாலு கிலோ ஏறிட்டேன், இன்னும் எதுக்குடா?" என்றார். தலைவலி போனதும் தலைவலி மாத்திரையை நிறுத்துகிற நான் என்னத்தைச் சொல்ல? மிச்சத்தை அத்தைதான் மெதுவாகச் சொன்னார். மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிருக்கிறது. ரிஃபாம்பிசின் போட்டால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று இளநீராகக் குடித்துத் தள்ளியிருக்கிறார் :-) காலை ஐந்து மணிக்கு ஸ்டாண்டுக்குப் போகிற ஆளுக்குக் குமட்டல் வேறு. ஆனால் டாக்டர் கேட்டபோதெல்லாம் "ஒழுங்கா போடறேன் சார்"தான். ஒரே ஒரு முறை, ஒரு நாள் விட்டதை ஒப்புக்கொண்டாராம். அத்தனை பேர் முன்னாடி திட்டு விழுந்ததாம். அதோடு உண்மை பேசுவது நின்றது.

இந்தப் பொய்க்கும் சென்னைக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் இன்னொரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் ஒரு வருடம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள் என்று 1959-ல் முடிவு வந்தது. அதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். என்னை நிறுத்தியது வேறு விஷயம். நோயாளி வாயால் சொன்னதை மட்டும் அவர்கள் நம்பவில்லை. திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கண்ணெதிரே விழுங்க வைக்கும் முறையை 1960களில் இங்கே சோதித்தார்கள். 1990களில் அது டாட்ஸ் என்ற பெயரில் உலகமெல்லாம் போனது.

கண்காணிப்பு தேவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாத்திரையை எண்ணினால் எத்தனை மிச்சம் என்றுதான் தெரியும். ஏன் மிச்சம் என்று தெரியாதே.

ஐந்து மாதம் கழித்து மாமாவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. நல்லவேளை, கிருமி மருந்துக்கு மசியாததாக மாறியிருக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆறு மாதம். இந்த முறை ஒரு நர்ஸ் அவரை உட்காரவைத்து, "எந்த நேரம் போட்டா உங்களுக்குத் தோதுப்படும்?" என்று கேட்டிருக்கிறார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ராத்திரி படுக்கும்போது என்று முடிவானது. ஆரஞ்சு நிறத்தையும் அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்.

நேற்றோடு இரண்டு மாதம் முடிந்தது. இருமல் இல்லை, எடையும் ஏறியிருக்கிறது. எனக்குப் பயம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது.