தானாக நகர்ந்த டம்ளர்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. இயற்பியல் பரீட்சைத் தாளை என்னிடம் காட்டாமல் பையின் அடியில் மடித்து வைத்திருந்தாள். 'ஓடும் பொருள் மீது எந்த விசையும் செயல்படாவிட்டால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு, 'கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும்' என்று எழுதி, பூஜ்யம் வாங்கியிருந்தாள்.

"நேத்து நியூட்டன் விதியைக் கடகடன்னு ஒப்பிச்சியே! மக்கு, மக்கு!" என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. "நிக்கத்தானேம்மா செய்யுது? நீயே தள்ளிப் பாரேன்" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் நெட்டுருப் போட்டுத் தேறியவள்தானே!

மறுநாள் காலை. ஈரமாக இருந்த சமையல் மேடையில் சுடச்சுடப் பால் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். யாரும் தொடாமலே வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டது! உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். டம்ளரின் அடிக்குழியில் சிக்கிய காற்று சூட்டில் விரிந்து, டம்ளரை இம்மியளவு தூக்குகிறது. விளிம்பைச் சுற்றியுள்ள நீர் அந்தக் காற்றை அடைத்து வைக்கிறது. உராய்வு குறைந்ததும், மேடையின் லேசான சரிவே போதுமாகிவிடுகிறது.

எனக்குச் சுரீரென்றது. பொருள் தானாக நிற்பதில்லை. தரைதான் பிடித்து நிறுத்துகிறது. குழந்தை கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறாள்!

மாலையில் "வாடி, தள்ளிப் பார்க்கலாம்" என்றேன். முதலில் துடைத்த கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாள். பிறகு பவுடர் தூவிச் சுண்டினாள். வித்தியாசம் அவளுக்கே தெரிந்தது.

அடுத்து, பழைய சி.டி. ஒன்றின் நடுத்துளை மேல், சிறு ஓட்டை போட்ட பாட்டில் மூடியைக் கவிழ்த்து, இடைவெளியில்லாமல் ஒட்டினோம். பலூனை ஊதி, கழுத்தை முறுக்கி, வாயை மூடியில் மாட்டி, முறுக்கை விட்டோம். காற்று அடியில் புகுந்து மெத்தை போலத் தூக்க, லேசாகத் தள்ளியதும் சி.டி. கூடத்தின் மொசைக் தரையில் மிதந்து போய்ச் சுவரில் முட்டியது! கல்லூரிகளில் துளையிட்ட உலோகத் தடத்தில் காற்றை ஊதிக் காட்டுவதும் இதே தத்துவம்தான்.

"காத்தும் தீராம, சுவரும் இல்லாம, வேற எதுவும் தடுக்காம இருந்தா?" என்று கேட்டேன்.

"போய்க்கிட்டே இருக்கும்மா!" என்றவளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒரு வார்த்தை: கேரம் பவுடராக விற்கும் போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் விஷம், விளையாடியதும் கை கழுவச் சொல்லுங்கள். வெடித்த பலூன் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் சின்னக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

அன்றிரவு அவள் புத்தகத்தைப் புரட்டினேன். தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்று அரிஸ்டாட்டிலே நினைத்தாராம். அந்த எண்ணம் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் நிலைத்ததாம். கலிலியோ வழிகாட்ட, நியூட்டன் 1687-ல் அதை மாற்றி விதியாக எழுதினார்.

"மக்குன்னு சொன்னது என் தப்புடி, கண்ணு" என்றேன்.

"பரவாயில்லைம்மா. அரிஸ்டாட்டிலையும் சேர்த்துத்தானே திட்டினே!" என்று சிரித்தாள்.

அந்த வார்த்தையை அதற்குப் பிறகு நான் சொன்னதே இல்லை.