குழிக்கு மேல் கோலம்

நம் ஊரில் ஒரு காரை இரண்டு தடவை வாங்குகிறோம். முதல் தடவை ஷோரூமில். பழைய வண்டி என்றால், யாரோ ஒருவர் வீட்டு வாசலில். இரண்டாவது தடவை ஆக்சஸரீஸ் கடையில். முதல் தடவை லோன், இன்ஷூரன்ஸ், மைலேஜ் என்று ஆறு மாசம் யோசித்து, மச்சானிடம் கேட்டு, ஆபீஸில் கேட்டு, ஜோசியரிடமும் கேட்கிற அதே ஆசாமி, இரண்டாவது தடவை ஆறு நிமிஷம்கூட யோசிப்பதில்லை.

சென்னைவாசிகளுக்கு ஜி.பி. ரோடு தெரிந்திருக்கும். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. அந்தப் பக்கம் கொஞ்சம் மெதுவாக வண்டியை விட்டுப் பாருங்கள். "சீட் கவரா சார்? மேட்டா? மியூசிக் சிஸ்டமா?" என்று பையன்கள் கூடவே ஓடி வருவார்கள். நீங்கள் வழி தெரியாமல் நுழைந்தவராக இருந்தாலும் விடமாட்டார்கள். "சும்மா பாருங்க சார், பாக்கறதுக்கு காசா?" என்பார்கள். பார்த்தவர்கள் யாரும் சும்மா திரும்பியதாகச் சரித்திரம் இல்லை!

இந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. லட்சக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்த வண்டிகளில் ஒன்று நம் வாசலில் நிற்கிறது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். உள்ளேயாவது 'இது என்னுது' என்று சொல்ல ஏதாவது வேண்டாமா? ஆட்டோக்காரர் கண்ணாடியைச் சுற்றி ஜிகினா ஒட்டுகிறார். லாரி டிரைவர் கேபினுக்குள் குஞ்சலம் தொங்கவிடுகிறார். அரசாங்க அம்பாசடர்களில் அதிகாரி உட்காரும் சீட்டுக்கு மட்டும் ஒரு வெள்ளை டர்க்கி டவல் போர்த்தியிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? 2014-ல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுபோனது. டவல் நிற்கவில்லை. வேறு வண்டிகளுக்கு மாறிக்கொண்டது.

ஆசை சரி. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை எங்கே போடுவது? இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

தாம்பரம் பக்கம் எனக்கு ஒரு நண்பர் உண்டு. பழைய வேகன்-ஆர் ஒன்றை வாங்கினார். கையில் மிச்சம் இருந்தது 10,000 ரூபாய். அதற்கு ஒரு லிஸ்ட் போட்டார். சிவப்பும் கறுப்புமாக ரெக்சின் சீட் கவர். கால் வைக்கிற இடத்தில் நீல எல்.இ.டி. விளக்கு. ஸ்டீயரிங்குக்கு உறை. தொட்டால் பாடுகிற ஸ்டீரியோ. துணைக்கு என்னையும் கூப்பிட்டுக்கொண்டு குஷன் கடைக்குப் போனார்.

கடையில் ஒரு வயதான பாய். லிஸ்ட்டை முழுசாகக் கேட்டார். கவர் மாதிரிகள் எதையும் எடுத்துக் காட்டவில்லை. பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வண்டில ஜாஸ்தி யார் சார் உக்காருவாங்க?"

நண்பர் கொஞ்சம் முழித்தார். "எங்க அம்மாதான் பாய். முட்டி வலி. வாரத்துக்கு மூணு நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுக்குத்தான் வண்டியே வாங்கினேன்."

"எந்தப் பக்கம் உக்காருவாங்க?"

"பின்னாடி. இடது பக்கம்."

பாய் எழுந்துவந்து, பின்கதவைத் திறந்து, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். கை உள்ளே போனது. "ஃபோம் செத்துப்போச்சு சார். இதும்மேல எந்தக் கவரைப் போட்டாலும், குழிக்கு மேல கோலம் போட்ட மாதிரிதான்."

அப்புறம் அவரே விளக்கினார். வேகன்-ஆர் உயரமான வண்டி. சின்னக் கார்களில் 'விழுந்து' உட்கார வேண்டும், இதில் நாற்காலி மாதிரி உட்காரலாம். முட்டி வலிக்காரர்களுக்கு அந்த உயரம்தான் மருந்து. அந்த மருந்தைத்தான் செத்த ஃபோம் தின்றுவிட்டது. குழிக்குள் இருந்து எழுந்திருக்கும்போது மொத்த பாரமும் முட்டியில் இறங்கும்.

பழைய சீட் துணியைப் பிரித்து, அமுங்கின ஃபோமை வெட்டி எடுத்து, அடியில் கெட்டியான ஃபோமும் மேலே மெத்தென்று ஒரு மெல்லிய அடுக்கும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். ரெக்சின் வேண்டாம் என்றார். மே மாசம் வெயிலில் நின்ற வண்டியில் கறுப்பு ரெக்சினில் உட்கார்ந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். தோசைக்கல்! துணிக் கவரே போட்டார். கதவுக்கு மேலே கையால் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. அதை இறுக்கிக் கொடுத்தார். மொத்தச் செலவு 6,000 ரூபாய்க்குள் முடிந்தது. நீல விளக்கு வரவில்லை. நண்பருக்கு முகம் கொஞ்சம் சுண்டித்தான் போனது.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அவர் அம்மா சொன்னாராம். "இப்பெல்லாம் எறங்கறப்போ ஒன் தோளைத் தேட வேண்டியதில்லடா!"

ஜோடனை என்பது வண்டியை எட்டிப் பார்க்கிறவருக்கா, உள்ளே உட்காருகிறவருக்கா? கையில் காசு குறைவு என்றால் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தொடுகிற இடம் முதலில். கண் பார்க்கிற இடம் அப்புறம். அடுத்தவர் பார்க்கிற இடம் கடைசியில்.

நீங்களும் இப்படி இறங்குவதாக இருந்தால், கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துச் சுத்தம் பண்ணுங்கள். காசே ஆகாத கஸ்டமைசேஷன் அதுதான். ரப்பர் மேட்டைத் தூக்கினால் அடியில் ஒரு குட்டி மெரினாவே இருக்கும். வண்டிக்குள் ஒரு மாதிரி வாடை வருகிறதா? உடனே சென்ட் பாட்டில் வாங்காதீர்கள். முன்பக்கம் இடது காலடியில் கார்ப்பெட் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஏசி தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேதான் வடியும். குழாயைச் சுத்தம் செய்து, ஏசி ஃபில்டரை மாற்றினால் வாடை போய்விடும். அதை விட்டுவிட்டு மேலே மல்லிகை சென்ட் வைத்தால், அழுகல் வாசனையோடு மல்லிகை வாசனையும் சேர்ந்து பின் சீட் குழந்தை வாந்தி எடுக்கும். டேஷ்போர்டைப் பளபளப்பாக்கும் பாலிஷும் அப்படித்தான். உச்சி வெயிலில் அந்தப் பளபளப்பு முன் கண்ணாடியில் பிரதிபலித்து ரோட்டை மறைக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

அடுத்து சொல்லப்போவது கொஞ்சம் சீரியஸான சமாசாரம். அழகுக்காக வைக்கிற சில பொருட்கள் ஆளையே காலி செய்துவிடும்.

மேட்டில் ஆரம்பிப்போம். மேட் என்ன செய்துவிடும் என்கிறீர்களா? 2009 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியாவில், சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் கார் கட்டுப்பாடு இழந்து ஓடி, அதில் இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். வேறொரு மாடலுக்கான ரப்பர் மேட்டை அந்தக் காரில் போட்டிருந்தார்கள். அதில் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டது. இதற்குப் பிறகு டொயோட்டா சுமார் 38 லட்சம் கார்களுக்கு, 'டிரைவர் பக்கத்து மேட்டை எடுத்துவிடுங்கள்' என்று எச்சரிக்கை கொடுத்தது. அதனால் டிரைவர் பக்கம் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் மாடலுக்கான மேட், தரையில் இருக்கும் கொக்கியில் மாட்டுகிற மாதிரி. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மேட் கூடவே கூடாது.

சீட் கவர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் முன் சீட்டின் வெளிப்பக்க ஓரத்தில் 'ஏர்பேக்' என்று சின்னதாக ஒரு லேபிள் இருந்தால், சீட்டுக்கு உள்ளேயே ஒரு பலூன் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். விபத்தில் அது கண் இமைப்பதற்குள் சீட் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். நீங்கள் அதன் மேல் கெட்டி ரெக்சினை இறுக்கித் தைத்தால், எப்படி வரும்? அந்த ஓரத்தில் பிரிகிற மாதிரி தையல் போட்ட கவர்கள் தனியாக உண்டு. கேட்டு வாங்குங்கள். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்' என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஸ்டீயரிங் நடுவில் கல் பதித்த ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2022-ல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. விபத்தில் ஏர்பேக் விரிந்தபோது அப்படி ஒட்டிய அலங்காரத் தகடு பிய்த்துக்கொண்டு பறந்து, ஒருவருக்கு ஒரு கண் பார்வை போயிருந்தது. பிள்ளையார் டேஷ்போர்டில் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஏர்பேக் மூடிக்கு மேலே மட்டும் அவரை உட்கார வைக்காதீர்கள்.

பின் சீட்டில் இன்னொரு அநியாயம் நடக்கிறது. கவர் போடுகிற அவசரத்தில் சீட் பெல்ட் மாட்டுகிற கொளுவியை அடியில் அமுக்கித் தைத்துவிடுகிறார்கள். பெல்ட் இருக்கும், மாட்ட இடம் இருக்காது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவில் கார் விபத்தில் இறந்தது நினைவிருக்கும். பின் சீட்டில் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. அது விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டி. கவர் தைத்து வந்ததும் பின் சீட்டில் மூன்று பெல்ட் இருந்தால் மூன்றையும் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அப்புறம் வயர். வீட்டில் 120 வாட் சாதனத்துக்கு ஓடும் மின்சாரம் அரை ஆம்பியர் சொச்சம். காரில் பேட்டரி 12 வோல்ட்தான், அதனால் அதே 120 வாட்டுக்குப் பத்து ஆம்பியர் ஓடும். சுமார் இருபது மடங்கு! விளக்குக்குப் போகிற மெல்லிய வயரைச் சீவி, அதில் ஆம்ப்ளிஃபையரை முறுக்கி, மேலே டேப் சுற்றினால் என்ன ஆகும்? வயர் சூடாகும், இன்சுலேஷன் உருகும், அப்புறம் தீ. "வயரைக் கட் பண்ணாம கப்ளர்லயே போடுங்க, தனி ஃபியூஸ் வைங்க" என்று சொல்லுங்கள். கூடுதலாகக் கேட்கிற சில நூறு ரூபாயில் பேரம் வேண்டாம். புது வண்டி என்றால், வெட்டின வயருக்கு வாரன்டி மறுக்கவும் இடம் உண்டு.

கடைசியாகக் கண்ணாடி. 2012 ஏப்ரலில் கறுப்பு ஃபிலிமுக்கு உச்சநீதிமன்றம் தடை போட்டது. பிறகு விதிகள் திருத்தப்பட்டு, 2024-ல் கேரள உயர்நீதிமன்றம் விதிக்குட்பட்ட ஃபிலிமை ஒட்டலாம் என்றது. கணக்கு மட்டும் மாறவில்லை. முன், பின் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடியில் 50 சதவீத வெளிச்சமும் உள்ளே வந்தாக வேண்டும். வெயிலுக்கு, வண்டி நிற்கும்போது முன் கண்ணாடிக்கு ஒரு மடக்குத் தட்டி வைத்தாலே சூடு ஓரளவு குறையும். மலிவானது, போலீஸும் பிடிக்காது.

இவ்வளவும் படித்துவிட்டு நீல விளக்கு வாங்கினால் தப்பா என்று கேட்காதீர்கள். தாராளமாக வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். சாவியை வேறு யாரிடமாவது கொடுத்து, உங்கள் வண்டியில் அம்மாவோ, அப்பாவோ, பிள்ளையோ தினமும் உட்காரும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து ஒரு அரை மணி நேரம் போய்வாருங்கள். எங்கே இடுப்பு வலிக்கிறது, எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, ஏசி காற்று வருகிறதா, பெல்ட் மாட்ட முடிகிறதா, கைக்குப் பிடிக்க ஏதாவது கிடைக்கிறதா... திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

கடைக்கு அந்தத் தாளோடு போங்கள். மிச்சம் இருந்தால் விளக்கு வாங்கிக்கொள்ளலாம்.