முட்டி நிற்கும் ஐந்து நிமிடம்

பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறான் என்று பெற்றோர் கணக்கு வைக்கிறார்கள். எந்த நேரத்தில் அவன் கை போனுக்குப் போகிறது என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் தெருப் பிள்ளைகள் சிலர் மாலையில் இயற்பியல் படிக்க வருகிறார்கள். பிளஸ் ஒன் எறிபொருள் கணக்கு என்று வையுங்கள். திசைவேகத்தை இரண்டு கூறாகப் பிரிக்கும்வரை பேனா நன்றாக ஓடும். அடுத்து எந்தச் சமன்பாடு என்று யோசிக்க வேண்டிய இடம் வந்ததும், நோட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த போனைக் கை எடுத்துவிடும். மெசேஜ் எதுவும் வந்திருக்காது. சும்மா ஒரு ரீல்ஸ். குரூப்பில் யாராவது விடை போட்டிருக்கிறார்களா என்று ஒரு பார்வை. கீழே வைத்ததும் கேள்வியை முதல் வரியிலிருந்து மறுபடி வாசிப்பார்கள். கோணம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதெல்லாம் மனதை விட்டுப் போயிருக்கும். ஒரு கணக்கிலேயே ஒரு மணி நேரம் கரைந்துவிடும். மாலை முழுவதும் படித்ததாகப் பிள்ளை மனமார நம்பும்.

வழி தெரியாமல் மனம் முட்டி நிற்கிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் படிப்பு நடக்கிறது. போன் பறித்துக்கொள்வதும் அதைத்தான்.

ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், போனை சைலண்டில் போட்டு மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட அதை வேறு அறையில் விட்டுவந்தவர்கள் சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாமே இதை உறுதி செய்யவில்லை. ஆனாலும் பக்கத்தில் போன் இல்லாத பிள்ளை கணக்கோடு மல்லுக்கட்டி நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

யூடியூபில் பாடம் பார்ப்பதை நான் தடுப்பதில்லை. 2020இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும்தான் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஆனால் பார்த்துப் புரிந்ததை, மூடிவைத்துவிட்டுத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பரீட்சை என்றைக்குமே ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

போனைப் பிடுங்கிச் சண்டை போடாதீர்கள். படிக்கும் நேரத்தில் அது அடுத்த அறையில் இருக்கட்டும். ஒற்றை அறை வீடென்றால் அம்மாவின் கையில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, எழுந்த பிறகு குரூப்பில் கேட்கட்டும். அந்த ஒரு மணி நேரம் நீங்களும் ரீல்ஸ் பார்க்காதீர்கள். சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் அவர்களுக்குக் கேட்கும்.