மருத மரத்து மீன்கழுகு

மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்த என் நண்பர் ஒருவர், வந்த நாள் முதல் காகூம் புராணமே படித்துக்கொண்டிருந்தார். காகூம் என்பது கானா நாட்டில் உள்ள ஒரு மழைக்காடு. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், பறவையின் குரல் கேட்குமே தவிர, பறவை கண்ணில் படாது, அவ்வளவு அடர்த்தி! ஆகவே 1995-ல், சுமார் 40 மீட்டர் உயரத்தில், மரத்துக்கு மரம் ஏழு தொங்கு பாலங்கள் கட்டிவிட்டார்களாம்.

"நம் பக்கம் இப்படி உண்டா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறு வாரமே பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

'தர்மபுரி ஜில்லாவில் மழைக்காடு ஏது?' என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. மழைக்காடு இல்லைதான். ஆனால் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், எனக்குத் தூரத்து உறவு, அங்கே இருக்கிறார். பறவைப் பித்தர்.

1925 ஜூலை 23-ல் சுப்பிரமணிய சிவா கண்மூடிய ஊர் அது. அவருடைய நினைவிடத்தில் வணங்கிவிட்டு, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் காட்டுக்குப் போனோம். பங்குனி மாதம். மரங்களெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நின்றன.

"என்ன ஐயா, காடு காய்ந்து கிடக்கிறதே?" என்றேன்.

"அதுதான் தம்பி நமக்கு வசதி! இலை மறைக்காது, பாருங்க!" என்றார்.

உண்மைதான். பனங்காடை, கொண்டலாத்தி, மாங்குயில், பஞ்சுருட்டான் என்று, பாலம் எதுவும் இல்லாமலே ஒவ்வொன்றாகத் தரிசனம் தந்தன.

2014-ல் இந்தக் காடுகளில் சுமார் 504 சதுர கிலோமீட்டரைக் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். வனத்துறையின் அனுமதியோடு, பரிசல் துறையின் ஆரவாரத்தைத் தாண்டி நடந்தோம். ஆற்றங்கரை வந்ததும் காட்சி மாறியது. இரு கரையிலும் பச்சைப் பசேலென்று ஓங்கிய நீர்மருத மரங்கள்! சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டுவதும் இவற்றில்தான்.

"அதோ!" என்று கத்தினேன். சாம்பல் தலையும் வெள்ளை வயிறுமாகக் கிளையில் உட்கார்ந்திருந்த பறவை, என் கூச்சலில் எழுந்து பறந்தே போய்விட்டது. ஆசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு மறந்தபோது வாங்கிய அதே பார்வை!

இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்தோம். பிறகு அது திரும்பி வந்தது. ஆற்றையே உற்று நோக்கியது. சட்டென்று சரிந்து இறங்கி, மீனோடு மேலெழுந்தது. வழுக்கும் மீன் நழுவாமலிருக்க அதன் விரல்களின் அடிப்புறம் சொரசொரப்பாக இருக்குமாம். சின்ன மீன்கழுகு என்பது பெயர். இமயமலை அடிவாரத்து ஆறுகளில் வாழும் இந்த இனம், அவ்வளவு தூரம் தள்ளி, நம் காவிரிக் கரையிலும் குடியிருக்கிறது!

திரும்பும்போது ஆசிரியர் ஒரு கோணிப்பையை எடுத்தார். கரையில் யாரோ வீசிப் போன பாட்டில்களைப் பொறுக்கி அதில் போட்டார். வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மருத மரத்தருகே சற்று நின்றார்.

"இது நிமிர்ந்து நின்னப்போ இதுல கூடு பாத்திருக்கேன் தம்பி. இன்னொண்ணு இந்த உசரத்துக்கு வளர, என் ஆயுசு போதாது. பெரிய மரமும் ஓடுற தண்ணியும் சேர்ந்து இருந்தாத்தான் இந்தப் பறவை. ரெண்டுல ஒண்ணு போனா இதுவும் போயிடும்" என்றார்.

பதில் சொல்லத் தோன்றவில்லை. நானும் குனிந்து பாட்டில் பொறுக்கினேன். நீங்கள் ஒகேனக்கல் போனால், அருவியில் குளித்து, மீன் வறுவலும் சாப்பிட்ட பிறகு, கொண்டு போன பாட்டிலை மறக்காமல் கையோடு கொண்டு வந்துவிடுங்கள்.

ஊர் திரும்பி நண்பரிடம் எல்லாம் சொன்னேன்.

"அங்கே தொங்கு பாலம் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை. இரண்டு மணி நேரம் பேசாமல் இருக்க உம்மால் முடியுமா?" என்றேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.