பர்மோர் மலையில் ஒரு கிடைக் காவல்

சம்பாவிலிருந்து பர்மோர் போகும் மலைச்சாலையில் வண்டி நின்றால் ஒன்று மண்சரிவு, இல்லாவிட்டால் ஆட்டு மந்தை. எங்களுக்கு மந்தை வாய்த்தது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளத்தில் ராவி ஆறு. நடுவில் சாலையை அடைத்துக்கொண்டு செம்மறியும் வெள்ளாடுமாக வந்துகொண்டே இருந்தன. ஹிமாசலப் பிரதேசத்துக் கத்தி இடையர்களின் மந்தை அது. (வெட்டும் கத்தி அல்ல, முதலெழுத்தைக் கங்கையின் ககரம்போல் சொல்ல வேண்டும்.) கோடை முழுக்க லாகுல் பக்கத்துப் புல்வெளிகளில் மேய்த்துவிட்டு, 5,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள குக்தி கணவாயைக் கடந்து, பனி மூடுவதற்குள் இறங்கிவிடுவார்கள். அது புரட்டாசி கழியும் சமயம்.

நான் தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணைக்காரன். எங்கள் ஜி.எஸ்.டி. சாலையில் ஆடுகள் லாரியில்தான் போகும். ராத்திரி ஏரிப்பக்கம் பைக்கில் வந்தால் நாலு தெருநாய்கள் துரத்தும். எனக்கும் நாய்க்கும் உள்ள அன்றாட உறவு அவ்வளவுதான். ஆட்டு நாய் என்றால் மனதில் வருவது பிரிட்டிஷ் பண்ணை வீடியோக்களில் பார்த்த பார்டர் காலி. பதுங்கி, ஓடி, கண்ணாலேயே ஆட்டை மிரட்டித் திருப்பும் கெட்டிக்கார நாய். 1873-இல் வேல்ஸின் பாலா ஊரில் அதற்கென்று போட்டியே வைத்திருக்கிறார்கள்.

இங்கே வந்த நாய் எதையும் ஓட்டவில்லை. மந்தையின் ஓரமாக, யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத ஆள்போல நடந்து வந்தது. கருத்த உடம்பு, நெஞ்சில் ஒரு கை அகலம் வெள்ளை, கழுத்தைச் சுற்றிப் பிடரிபோல் அடர்ந்த ரோமம். மந்தை இளைப்பாற நின்றதும் ஒரு பாறைமேல் ஏறிப் படுத்துக்கொண்டது. ஆடுகள் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. பார்வை முழுக்க மேலே தேவதாரு மரச் சரிவில். ஒரு குட்டி அதன் முதுகில் முன்னங்காலை வைத்து ஏறி, சறுக்கி விழுந்தது. நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

வெள்ளைக் கம்பளி அங்கி, இடுப்பில் பல சுற்றாகக் கறுப்புக் கம்பளிக் கயிறு, அங்கியின் மார்புப் பக்கத்தில் தலை நீட்டும் பிறந்து சில நாளேயான ஆட்டுக்குட்டி. இந்தக் கோலத்தில் ஒரு பெரியவர் பீடி பற்றவைத்தார். அங்கிக்குச் சோலா, கயிற்றுக்கு டோரா என்று பெயர். “இது ஆடுகளை ஓட்டாதா?” என்று எங்கள் டிரைவர் மூலம் கேட்டேன்.

“ஓட்ட எங்களுக்கு வாய் இருக்கு, சீட்டி இருக்கு. அவனுக்கு வேலை ராத்திரியிலே” என்றார்.

ராத்திரி வேலை என்ன என்பதற்கு மூட்டையிலிருந்து எடுத்துக் காட்டிய பட்டையே போதும். இரும்புத் தகடுகளைக் கோத்த கழுத்துப்பட்டை. வெளிப்பக்கம் விரல் நீளத்துக்கு முட்கள். சிறுத்தை நாயைப் பிடித்தால் கழுத்தைத்தான் பிடிக்கும். முதல் கடி இரும்பில் பட்டுவிட்டால் நாய்க்குச் சண்டை போட நேரம் கிடைக்கும். அந்தக் குரைப்பில் மற்ற நாய்களும் ஆட்களும் எழுந்துவிடுவார்கள். ‘கத்தி நாய்’ எனப்படும் இந்த இனத்தை ‘இந்தியன் பாந்தர் ஹவுண்ட்’ என்று அழைப்பதும் இதனால்தான். கரடியும் உண்டு, ஆடு திருடும் மனிதர்களும் உண்டு.

இந்த மாதிரிக் காவல் நாயைப் பழக்குவது பெரும்பாலும் பழக்காமல் விடுவதில்தான் இருக்கிறது. கண் திறந்த சில வாரங்களில் குட்டியை ஆடுகளோடு விட்டுவிட வேண்டும். அந்த வயதில் யாரோடு படுத்துத் தூங்குகிறதோ அவர்களே அதற்குச் சொந்தக்காரர்கள். அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கர் என்ற ஆய்வாளர் 1970-களின் கடைசியிலிருந்து ஐரோப்பிய, துருக்கிக் காவல் நாய்களை வைத்து விரிவாக ஆராய்ந்தது இதைத்தான். பாதுகாக்க ஆடுதான் வேண்டும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் கடற்கரைத் தீவில் 2006-இல் நரிகளிடமிருந்து பெங்குவின்களைக் காக்க இத்தாலிய மாரெம்மா நாய்களை விட்டார்கள். பர்மோர் பெரியவர் காப்பிங்கரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கேள்விப்பட வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

கத்தி நாயின் பூர்வீகம் திபெத்திய மாஸ்டிப் வழி என்பது பொதுவான கருத்து. திபெத்தில் கழுதை அளவு நாய் உண்டு என்று மார்க்கோ போலோ சொன்னது அந்த வம்சத்தைத்தான் என்பார்கள். காஷ்மீரின் பக்கர்வால் நாய், குமாவுன், நேபாளப் பக்கத்துப் போட்டியா நாய் எல்லாம் ஏறக்குறைய பங்காளிகள். 2005-இல் நம் தபால்துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையத்தோடு இமாலய ஆட்டு நாயும் இருந்தது. ஆனால் கத்தி நாய்க்குத் தனி இனமென்ற அரசு முத்திரை 2025-இல்தான் கிடைத்தது. பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் உழைக்க, கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் பதிவு செய்தது. பணியகத்தின் நாய் இனப் பட்டியலில் இதற்கு முன்னால் இருந்தவை மூன்று: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல். மூன்றில் இரண்டு நம்முடையவை என்று டிரைவரிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன்.

பெருமையில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. நம்முடையவை வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பேர்போனவை. இராமநாதபுரத்துக் கீதாரி இடையர்கள் தஞ்சை வயல்களில் கிடை போடும்போது பட்டியைச் சுற்றி ராத்திரி முழுக்கக் குரைக்கும் நாய்க்கு இனப்பெயர் கேட்டு யாரும் எழுதியதாக நான் பார்த்ததில்லை. ஜமீன் வாசலில் நின்ற நாய்க்குப் பெயர் கிடைத்தது. கிடையில் கிடந்ததற்குக் கிடைக்கவில்லை.

பதிவு கிடைத்தாலும் கத்தி நாயின் பாடு நிம்மதியில்லை. கலப்பில்லாதவை ஆயிரத்துக்கும் குறைவு என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இடையர் வீட்டுப் பிள்ளைகள் கணவாய் ஏற விரும்புவதில்லை. படிப்பும் சம்பள வேலையும் கீழே இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? நாயை மட்டும் கூண்டில் வைத்துப் பெருக்கினால் ரோமமும் உயரமும் மிஞ்சும், மந்தையோடு நடந்து வந்த சுபாவம் மிஞ்சாது. மேய்ச்சல் உரிமையும் மலைப்பாதையும் இருக்கிறவரைதான் இந்த இனம்.

அதனால் ஒரு வேண்டுகோள். கம்பீரமாக இருக்கிறதே என்று இதன் குட்டியை விலைக்கு வாங்கித் தாம்பரம் அபார்ட்மெண்டில் கட்டிப்போடாதீர்கள். அந்தக் கம்பளி உடம்புக்கு நம் சித்திரை வெயில் சித்திரவதை. ராத்திரியெல்லாம் காவல் காக்கும் பழக்கமோ பக்கத்து வீட்டுக்காரருக்குச் சித்திரவதை. நாய் ஆசை இருந்தால் தெருவில் நிற்கும் நாட்டுக் குட்டியை எடுங்கள். கத்தி நாயை அதன் மலையிலேயே போய்ப் பாருங்கள். பதான்கோட் வரை ரயில், பிறகு சம்பா வழியாகப் பேருந்து. கார்த்திகை பிறப்பதற்குள் போய்விட வேண்டும். அப்புறம் மந்தைகளெல்லாம் காங்ரா பக்கத்து அடிவாரங்களுக்கு இறங்கிவிடும்.