காணாமற்போன கதாபாத்திரமும் கைச்சாத்திடப்படாத ஒப்பந்தமும்

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் ஈடுபாடுடையோர் இருவர் கூடுமிடத்தில் வாதத்துக்குக் குறைவிருப்பதில்லை. படத்திலே கண்ட சம்பவத்துக்கும் அப்படத்தை ஒட்டி எழுதப்பட்ட நாவலிலே படித்த சம்பவத்துக்கும் பொருத்தம் உண்டா, இறந்தவன் எவ்வாறு மீண்டான், இத்தனை தூரத்தை இத்தனை நேரத்திற் கடத்தல் இயலுமா என்றெல்லாம் மணிக்கணக்காக வழக்காடுவர். இதனை வீண் பொழுதுபோக்கென்று ஒதுக்கும் பெரியோர் நமது அணியிலேயே உளர். நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. ஒரு கதை தான் வகுத்துக்கொண்ட விதிக்குத் தானே கட்டுப்பட வேண்டும் என்று கேட்பவன் விழிப்புள்ள வாசகன். விடையைக் கதைக்குள்ளே மாத்திரம் தேடி அவன் களைத்துப்போவதுதான் நமக்குள்ள மனக்குறை.

1977 இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் ஹான் சோலோ என்பவன், தன் கப்பல் ஒரு பயணத்தைப் பன்னிரண்டு பார்செக்கிற்குள் முடித்ததென்று பெருமை பேசுகிறான். பார்செக் என்பது தூரத்தின் அளவு, ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு. வேகத்தைப் பற்றிப் பேசுகிறவன் தூரத்தைச் சொல்வதேன்? பின்வந்த நாவலாசிரியர்கள் இதற்கு ஒரு சமாதானம் கண்டார்கள். வழியிலே கருந்துளைகளின் கூட்டம் ஒன்றுண்டாம். அதை நெருங்கிச் செல்லும் துணிவுள்ளவனுக்குப் பாதை குறுகுமாம். உரையாசிரியர்கள் மூலத்தின் இடறலை நயமாக மாற்றிவிடும் திறமையை நமக்கு இது நினைவூட்டுகிறது. சிரிப்பும் வருகிறது, மதிப்பும் வருகிறது.

இவற்றிலும் சுவையான உதாரணம் அலன் டீன் பொஸ்டர் 1978 இல் எழுதிய 'ஸ்பிளிண்டர் ஒவ் த மைண்ட்ஸ் ஐ' என்ற நாவல். லூக்கும் லேயாவும் மிம்பான் என்னும் சேற்றுக் கிரகத்தில் வந்து விழுகிறார்கள். எங்கும் மூடுபனி. சாம்ராச்சியத்தின் சுரங்கமொன்று அங்கே இயங்குகிறது; இருவரும் சுரங்கத் தொழிலாளராக வேடமிட்டுத் திரிகிறார்கள். முடிவில் டார்த் வேடரோடு வாட்போர். அதிற் கையிழந்து குழியில் வீழ்பவன் வேடர். இரண்டாண்டு கழித்து வந்த படத்தில், அதே வேடரிடம் தன் கையை இழப்பவன் லூக். நாவலில் இவ்விளைஞனுக்கும் லேயாவுக்கும் இடையே அரும்பும் கனிவோ காதலின் சாயலுடையது. 1983 இல் வந்த படம் இருவரையும் உடன்பிறந்தோர் என்று அறிவித்துவிட்டது! வாதாடுவோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பயிற்சி குறைந்தவன் எப்படி வென்றான்? ஹான் சோலோ இக்கதையில் ஏன் தலைகாட்டவேயில்லை?

இக்கேள்விகளிற் கடைசியானதற்கு விடை எந்த விண்மீன் மண்டலத்திலும் இல்லை. சோலோவாக நடித்த ஹரிசன் போர்ட் அடுத்த படத்துக்கு அப்போது ஒப்பந்தஞ் செய்திருக்கவில்லை. ஆகவே கதையில் அவனுக்கு இடமில்லை. மூடுபனியின் காரணமும் இத்தகையதே. முதற்படம் பெருவெற்றி பெறாவிடின் குறைந்த செலவிலே படமாக்கத்தக்க ஒரு தொடர்கதை வேண்டுமென்று ஜோர்ஜ் லூக்காஸ் கேட்டிருந்தார். பனி மூடிய இடத்துக்குப் பின்னணிக் காட்சி அமைக்கச் செலவு குறைவு. படமோ பணத்தைக் கொட்டியது. மலிவான தொடர்கதைக்குத் தேவையிருக்கவில்லை. நாவல் நாவலாகவே நின்றுவிட்டது. ஒரு கிரகத்தின் காலநிலையைக் கணக்குப் புத்தகம் தீர்மானித்த கதை இது. அடிக்கட்டுமானம், மேற்கட்டுமானம் என்று வகுப்பிலே விளக்க முற்படும் ஆசிரியர்களுக்கு இதனைக் கையளிக்கிறோம்.

முதற்படத்தின் நாவல் வடிவத்தை எழுதியவரும் இதே பொஸ்டர்தான். 1976 இல் அது வெளிவந்தபோது அட்டையில் இருந்த பெயர் லூக்காஸினுடையது.

2012 இல் டிஸ்னி நிறுவனம் லூக்காஸின் கொம்பனியை ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு வாங்கியது. 2014 ஏப்ரிலில் ஓர் அறிவித்தல் வந்தது. அதுவரை வெளியான நாவல்களும் சித்திரக்கதைகளும் இனிப் 'பழங்கதைகள்'. புதிய படங்கள் அவற்றுக்குக் கட்டுப்படா. முப்பதாண்டுக்கு மேலாக நடந்த வழக்குகள் யாவும் ஒரே பத்திரிகைக் குறிப்பிலே தள்ளுபடியாயின. வான்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பனிலே நிலத்தோடு பர்ணசாலையைப் பெயர்த்துச் செல்கிறான். இரண்டும் வாழ்கின்றன, பண்டிதர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இராமகதையை விலைக்கு வாங்கியவன் எவனுமில்லாதபடியால், இதுதான் உண்மை, அது செல்லாது என்று பத்திரம் விடுக்கவும் எவருமில்லை.

தள்ளுபடியான சரக்கைக் கொம்பனி கைவிட்டதா என்றால், அதுவுமில்லை. 2018 இல் வந்த 'சோலோ' என்ற படத்தைப் பார்த்தபோது நாம் வியந்தோம். பன்னிரண்டு பார்செக்கிற்கு அதிலே சொல்லப்படும் விளக்கம் ஆபத்தான குறுக்குவழியேதான். சேற்றிலும் பனிப்புகையிலும் ஹான் போர்வீரனாக அலையும் கிரகத்தின் பெயர் மிம்பான். நாற்பதாண்டுக்கு முன் பொஸ்டரின் நாவலில் இடம்பெறாத பாத்திரம், பொஸ்டர் பெயரிட்ட மண்ணில் வந்து நின்றது.

2020 நவம்பரில், எழுபது வயதைக் கடந்த பொஸ்டர், விஞ்ஞானக் கற்பனை எழுத்தாளர்களின் அமெரிக்கச் சங்கத்தின் மூலம் பகிரங்கமாக முறையிட்டார். தம்முடைய 'ஸ்டார் வோர்ஸ்' நூல்கள் இரண்டும், பின்னர் டிஸ்னியின் கைக்கு வந்த 'ஏலியன்' நாவல்களும் தொடர்ந்து விற்பனையாகியும், பிரதிகளுக்கு உரிய பங்குப்பணம் தமக்கு வரவில்லை என்பது அவர் முறைப்பாடு. உரிமையை வாங்கினோம், கடப்பாட்டை வாங்கவில்லை என்பதே கொம்பனியின் நிலைப்பாடு என்று சங்கம் கூறியது. முன்பின் முரண் பற்றிப் பேசும் நண்பர்களே, இந்த வாக்கியத்தைச் சற்று ஆராயுங்கள்! புத்தகம் தொடர்கிறது, விற்பனை தொடர்கிறது, இலாபம் தொடர்கிறது. எழுதியவனுக்குக் கொடுத்த வாக்கு மாத்திரம் முந்திய உரிமையாளனோடு முடிந்துவிடுகிறது. சங்கம் விட்டுவிடவில்லை. ஏனைய எழுத்தாளர் சங்கங்கள் சேர்ந்துகொண்டன. இதே குறையுடைய வேறு ஆசிரியர்களும் முன்வந்தனர். 2021 இல் பொஸ்டரின் பிணக்குத் தீர்ந்ததென அறிவிக்கப்பட்டது. மற்றவர்களுக்காகச் சங்கம் அதன் பின்னரும் பேச்சுவார்த்தையைத் தொடர்ந்தது.