தலையில் வைத்த கை

பேரன்புள்ள நெறியாளர் அம்மாவுக்கு,

முனைவர் பட்டம் கைக்கு வந்துவிட்டது. உங்களுக்கான என் நன்றி நம் ஊருக்கே கேட்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

குற்றாலநாதர் கதை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சோறோடு ஊட்டியது. திருமாலாக நின்றவரின் தலையில் அகத்தியர் கைவைத்து, "குறுகு, குறுகு" என்று அழுத்த, அவர் சிவலிங்கமானார். அந்தத் தலைவலி தீர இன்றும் மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். உருமாறினால் தெய்வத்துக்கும் வலிக்கும். குற்றாலநாதர் கோயில் நடத்தும், 1964-இல் தொடங்கிய பராசக்தி மகளிர் கல்லூரியில் படித்தபோது இது எனக்கு விளங்கவில்லை. ஆய்வில் விளங்கியது.

தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் வீட்டில் பிறந்தவள் நான். புகையிலைத் தூள் நெடியிலிருந்து தப்பிக்கத்தான் படித்தேன். சங்க இலக்கியத்தில் தலைப்புக் கேட்டு உங்களிடம் வந்தபோது, "உங்க அம்மா வேலை செய்யும்போது என்னென்ன சொல் பேசுவாங்க?" என்று கேட்டீர்கள். அம்மா பீடி சுற்றும் திண்ணையிலேயே வளர்ந்தும் பதில் தெரியவில்லை. அன்று என் தலையில் விழுந்தது உங்கள் கை.

எந்தத் திண்ணையை விட்டு ஓடினேனோ, அங்கேயே குறிப்பேட்டோடு உட்கார்ந்தேன். இரவில் நனைத்த இலையைத் தகர அளவு வைத்து அம்மா வெட்டுவாள். சுளகை மடியில் ஏற்றி, தூள் வைத்து உருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்குவாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு சொல் இருந்தது.

அந்தச் சொற்களைப் பற்றி எழுதிய முதல் இயலை மூன்று முறை திருப்பித் தந்தீர்கள். விட்டுவிடலாம் என்று அழுத இரவில், அம்மா என் உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். அவள் விரலில் தூள் வாசம். முதன்முறையாக அது எனக்கு நெடியாகத் தெரியவில்லை.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு. புறத்தேர்வாளர் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். நீங்கள் முன்வரிசையில் இருந்த என் அம்மாவைக் காட்டினீர்கள். அவள் எழுந்து, கையால் சுற்றிக் காட்டியே விளக்கினாள். அரங்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

நெறியாளர்களாக இருக்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் முதல் ஆளாகப் படித்து வரும் பிள்ளைக்குத் தலைப்புக் கொடுக்கும் முன், அதன் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். என்னிடம் ஒருவர் கேட்டார்.


உங்கள் மாணவி
தென்காசி